கமா சாரின் சிவப்புக் கார்

கமா சாருக்கு அருவருப்பு ஓர் உணர்ச்சி அல்ல, உடல்வாகு. சிலருக்கு வியர்ப்பதுபோல அவருக்கு அது எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும். எச்சில் தொட்டுப் புரட்டிய பக்கம், ஈரக்கை பட்ட ஸ்விட்ச், தம்ளரை எடுத்த பிறகு மேசையில் மிஞ்சும் வளையம், பேசும்போது எதிராளியின் சட்டைப் பொத்தானைத் திருகுகிறவர்கள், அடுத்தவர் வீட்டு சோபாவில் யாரோ எழுந்துபோன சூடு. இவற்றில் ஏதாவது ஒன்று எதிர்ப்பட்டால் அவருடைய மேலுதடு இடது பக்கம் மட்டும் சற்றே ஏறும். ‘உங்கப்பாவுக்கு உதடு ஏறிடுச்சு’ என்று அவர் மனைவி மகளிடம் சொன்னால், வீட்டில் எதையோ துடைக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

முப்பத்தோரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். நானூறு பக்கப் புத்தகத்தில் இடம் மாறி உட்கார்ந்திருந்த ஒரே ஒரு கமாவுக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவர். பெயர் அன்றைக்கு வந்தது. வைத்தவர்கள் திட்டித்தான் வைத்தார்கள். பிற்பாடு ‘சார்’ ஒட்டிக்கொண்டு மரியாதைப் பெயராகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு பதிப்பாளர்கள் அவருக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்பு தாளில், இப்போது கணினியில். பிழை திருத்துவார். புத்தகத்தின் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலையும், எந்தப் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் என்று, போட்டுக் கொடுப்பார். யாரும் படிக்காத பகுதி அது. தப்பாக இருந்தால் மட்டும் எல்லோரும் படிப்பார்கள்.

அவருடைய சொந்தக் கணினி நான்கு மாதத்துக்கு முன் உயிரை விட்டது. அதன் இடத்துக்கு மருமகன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மருமகன் ஒரு காலத்தில் இன்டர்நெட் சென்டர் நடத்தியவர். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு சென்டரை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார். பன்னிரண்டு கணினிகளில் பதினொன்று போன இடம் தெரியவில்லை. ஒன்று மட்டும் பழைய போர்வை சுற்றிப் பரணில் இருந்தது.

“சென்டர்ல இருந்ததுலயே ராசியான மெஷின் மாமா இது. கல்லு மாதிரி இருக்கும்,” என்றார் மருமகன்.

கமா சார் கீபோர்டைப் பார்த்தார். நான்கு பொத்தான்களில் மட்டும் எழுத்து அடியோடு தேய்ந்திருந்தது. கேம் விளையாட வந்தவர்கள் வருடக்கணக்கில் அழுத்திய பொத்தான்கள். எத்தனை பேர், என்ன தின்றுவிட்டு, எங்கெல்லாம் சொறிந்துவிட்டு என்று யோசித்தார். உதடு ஏறியது. ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஒரு முற்பகல் முழுவதும் துடைத்தார். பஞ்சு ஒவ்வொரு தடவையும் பழுப்பாகவே வந்தது. கடைசியில், வெளியே வர மறுக்கும் அழுக்கோடு வாழப் பழகுவது என்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் இப்படிச் செய்துகொண்ட சமரசங்கள் மிகக் குறைவு.

மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி அமைத்துக் கொடுத்தார். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். தமிழ்த் தட்டச்சு பழைய டைப்ரைட்டர் முறையில் இருக்க வேண்டும். மவுஸ் நிதானமாக நகர வேண்டும். சொற்களின் அடியில் சிவப்பாக நெளியும் அந்தப் புழு கூடவே கூடாது. திரையில் இருந்த சிவப்புக் காரின் படம் போக வேண்டும். அங்கே வெறும் சாம்பல் நிறம் போதும்.

“சாம்பல் எதுக்கு மாமா? ஒரு பூ, மலை, அருவி...”

“கண்ணுக்கு எதிர்ல எதுவும் வேணாம் மாப்பிள்ளை. நான் வேலை பாக்கணும்.”

போகும்போது மருமகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “உங்க ஃபைல் எல்லாத்தையும் ‘டி’ன்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுக்குள்ள வைங்க மாமா. அதுதான் பத்திரம்.” ஏன் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கணினியைப் போட்டால் சிவப்புக் கார் நின்றிருந்தது. எழுத்து எறும்பாகியிருந்தது. தமிழில் ஒரு வரி அடித்தார். யாரோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசியதுபோல் திரையில் ஏதோ வந்தது. அதன் அடியில் சிவப்புப் புழு நெளிந்தது.

“நேத்து மாப்பிள்ளை எல்லாம் சரியாத்தானே வச்சிட்டுப் போனாரு? நீங்க எதையாவது தொட்டிருப்பீங்க,” என்றாள் மனைவி.

“தொடாம எப்படி வேலை பாக்கறது? மந்திரம் போடவா?”

அரை மணி நேரம் செலவழித்து எல்லாவற்றையும் தானே மாற்றினார். அதன்பின் இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் கார் வந்துவிட்டது. மறுபடி மாற்றினார். அடுத்த நாளே வந்தது. ஒரு தடவை நான்கு நாள் தாக்குப்பிடித்தது. கணக்குக்குள் அடங்காத விருந்தாளியைப்போல் நினைத்தபோது வந்தது, நினைத்தபோது போனது. மருமகனுக்குப் போன் செய்தால், “ஏதாவது தெரியாம அழுத்திடறீங்க மாமா, பரவாயில்ல,” என்பார். மகள், “மெதுவா செய்யுங்கப்பா,” என்பாள். இதில் அவரைக் குமட்டவைத்தது கார் அல்ல, அந்த ‘பரவாயில்ல’தான். முப்பத்தோரு வருடம் யாருக்கும் அவர் பரவாயில்லை என்று சொன்னது கிடையாது. பரவாயில்லை என்று விட்ட பிழைதான் அச்சாகி வரும்.

பிறகு அந்தப் பெயர்ப் பட்டியல் காணாமல் போனது. ஒரு நகரத்தின் குடிநீர் வரலாற்றைப் பற்றிய தடிப் புத்தகம், எழுநூறு பெயர்கள், மூன்று நாள் உழைப்பு. அவசரத்தில் அதை ‘டி’க்குள் வைக்காமல் திரையிலேயே, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார். ஒரு காலையில் கார் நின்றிருந்தது. பட்டியல் இல்லை. தேடாத இடமில்லை. பதிப்பாளர் கேட்டபோது, “முடிச்சிட்டேன், ஆனா காணோம்,” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்லக் கேட்டபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

“நிஜமாவே முடிச்சீங்களாப்பா?” என்றாள் மகள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். மருத்துவமனைக் குரலில் கேட்டாள்.

அதோடு சேர்த்து மற்றவையும் எழுந்து வந்தன. போன மாதம் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. எதிர்வீட்டுக்காரரை அவர் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒரே கதையை ஒரே வாரத்தில் இரண்டு தடவை சொன்னது. மகள் எல்லாவற்றையும் கூட்டினாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஞாபக மறதிக்கான டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். சும்மா ஒரு செக்கப் என்றாள்.

தப்பு தன் தலைக்குள் இருக்கிறதா, மேசைக்கு அடியில் இருக்கிறதா என்பது வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும் என்று கமா சாருக்குப் புரிந்தது. டாக்டர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு தடவை அந்த அறைக்குள் போய் வந்துவிட்டால், அதன்பிறகு இந்த வீட்டில் அவர் சொல்லும் எதற்கும் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்து தேவைப்படும். பதிப்பாளர்களும் மரியாதையாக வேலை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். பிழை திருத்துகிறவனுக்கு மறதி என்பது சமையல்காரனுக்குத் தொழுநோய் என்று ஊர் பேசுவது மாதிரி. உண்மையா பொய்யா என்று யாரும் நின்று பார்க்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கணினி ரிப்பேர்காரர் ஒருவரை வரவழைத்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு போன், ஒரு ஸ்க்ரூ டிரைவர். மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

கமா சார் குனிந்து பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. உள்ளே எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியதுபோல் தூசி. விசிறியில் சுற்றிக்கொண்ட தலைமுடி, நீளமும் குட்டையுமாக, ஒரு ஆள் தலையில் முளைத்ததாக இருக்க முடியாது. மூலையில் கரப்பான் பூச்சிகளின் காய்ந்த உறைகள். பல்லி முட்டையின் ஓடு. ஒரு மிட்டாய்க் காகிதம். பிறை வடிவில் யாரோ வெட்டிப் போட்ட நகம். நகம் எந்த வழியாக அங்கே போயிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டார். இதன் மேல்தான் நான்கு மாதமாகக் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பெரிய கூட்டுக்குடும்பமே இருந்திருக்கு சார்,” என்று சொல்லிவிட்டு ரிப்பேர்காரர் கன்னத்தை உப்பி ஊதத் தயாரானார்.

“வாயால ஊதாதீங்க.”

“ப்ளோயர் வண்டியில இருக்கு சார்.”

“வண்டி எங்க இருக்கு?”

“வாசல்ல.”

“அப்ப வாசலுக்குப் போங்க.”

சுத்தம் செய்தபின் பலகையிலிருந்து கைக்கடிகாரத்துக்குப் போடுவதுபோன்ற வட்டமான ஒரு சின்ன பேட்டரியை நெம்பி எடுத்தார். “இதான் சார் செத்துப்போச்சு. அதனாலதான் தேதி, நேரம் எல்லாம் ஏதோ ஒரு பழைய வருஷத்தைக் காட்டுது. இது இல்லன்னா மெஷினுக்கே எதுவும் ஞாபகம் இருக்காது.”

“ஞாபகம்னா, செட்டிங்ஸ் எல்லாமா?” என்று கேட்டார் கமா சார்.

“எல்லாமேதான்,” என்றார் ரிப்பேர்காரர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

புது பேட்டரி போட்டார். அணைத்து, போட்டார். தேதி சரியாக நின்றது. கமா சார் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்துக்க. மறதி யாருக்குன்னு பாத்துக்க.” அவளும் சிரித்தாள். ரிப்பேர்காரர் கிளம்பியதும் அறை முழுக்கத் தூசி கிடந்தது. இரண்டு தடவை துடைக்கச் சொன்னார். அவள் துடைத்து முடித்த பிறகுதான் அறைக்குள் கால் வைத்தார். கணினியை மறுபடி போட்டு, எல்லாவற்றையும் தன் விருப்பப்படி அமைத்தார். நிம்மதியாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட பின், நிலவுப் படம் போட்ட பொத்தானை வழக்கம்போல் அழுத்தி அதைத் தூங்க வைத்தார். சாயங்காலம் தரை இன்னும் பிசுபிசுப்பதாகச் சொல்லி, மறுபடி ஒரு தடவை துடைக்கச் சொன்னார்.

புதன்கிழமை காலை தேதி மிகச் சரியாக இருந்தது. அதன் பின்னால் சிவப்புக் கார் நின்றிருந்தது.

ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார். “சார், நான் போர்டு, டிஸ்க் எல்லாமே பாத்துட்டேன். மெஷின்மேல தப்பில்ல,” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “வீட்டுல அம்மா இருந்தா குடுங்களேன்,” என்றார்.

கொடுத்தார். மனைவி போனைச் சமையலறைக்குள் எடுத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் மென்மையாக இருந்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் அதிகம் பார்த்திராத முகம் அது. இந்த வீட்டில் அவளுடைய குரல் எப்போதும் ஓர் உப்புத்தாள். கதவைத் திறந்து போட்டால் உரசும், துண்டைக் கட்டிலில் போட்டால் உரசும். அந்த உரசலில்தான் அவருடைய நாள்கள் வழவழப்பாக ஓடின. இரண்டு வாரமாக அது இல்லை. கதவைத் திறந்து போட்டால் அவளே வந்து சாத்துகிறாள். துண்டைப் போட்டால் எடுத்து மடிக்கிறாள். “பரவாயில்லங்க, நீங்க உக்காருங்க,” என்கிறாள். செத்த பல்லியை மிதித்ததுபோல் இருந்தது அவருக்கு.

அன்று மதியம் மகள் வந்தாள். வந்த வேகத்தில் அம்மாவோடு சமையலறைக்குள் போய்விட்டாள். மேசைமேல் அவள் வைத்துவிட்டுப் போன உறையிலிருந்து ஒரு தாளின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அச்சடித்த தாள் எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவது அவர் தொழில். உருவிப் பார்த்தார். டாக்டரைப் பார்க்கும் முன் வீட்டார் நிரப்பித் தர வேண்டிய படிவம். ஐந்து கேள்விகள். மகளின் உருண்டைக் கையெழுத்தில் பதில்கள்.

பெயர்களை மாற்றிச் சொல்கிறாரா? சில சமயம். சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? ஆம். பழகிய கருவிகளைக் கையாளத் தடுமாறுகிறாரா? ஆம், கணினி. செய்யாததைச் செய்ததாக நம்புகிறாரா? ஆம், பதிப்பாளர் வேலை. தன் தவறை மற்றவர்மீதோ பொருள்மீதோ போடுகிறாரா? ஆம்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். யாரோ மென்று துப்பியதைக் கையில் வாங்கியதுபோல் இருந்தது. தாளை இருந்தபடியே உறைக்குள் வைத்தார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் குரலில் பதில் வரும்.

வியாழக்கிழமை காலை மேசை இழுப்பறையிலிருந்து நான்கு தாள்களை எடுத்தார். போன சனிக்கிழமை முதல், கார் வந்த ஒவ்வொரு நாளும் என்னென்ன மாறியிருந்தது என்று தாள் போட்டு எழுதிவைத்திருந்தார். பழக்கம் அது. முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப் என்று தலைப்பும் போட்டிருந்தார். சனி, திங்கள், செவ்வாய், புதன். நான்கையும் வரிசையாகப் பரப்பிச் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டார்.

“இங்க வா. படி,” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திருத்த வேண்டிய தாளில் கண்ணை ஓட்டுவது அச்சகத்து முறை. கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வேலை எடுத்து வரும் நாட்களில் அவளைத்தான் படிக்கவைப்பார். அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. இன்றைக்கு மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“எழுத்து அளவு, நூறு,” என்று படித்தாள்.

நான்கு தாளிலும் நூறு.

“மவுஸ் வேகம், ஏழாவது கோடு.”

நான்கிலும் ஏழாவது கோடு.

“குப்பைத்தொட்டிப் படம், வலது பக்கம் மேலேர்ந்து மூணாவது. தேதி, பழைய வருஷம்.” தேதியில் மட்டும், புது பேட்டரி போட்ட பிறகு எழுதிய புதன்கிழமைத் தாள் வேறாக இருந்தது. மற்ற பத்தொன்பது வரிகளும் நான்கு தாளிலும் ஒரே மாதிரி. ஒரு புள்ளி மாறவில்லை.

பென்சில் நின்றுவிட்டது.

“என்னங்க?”

“இரு.”

அச்சகத்தில் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் பதினோரு பிழை. திருத்தி அனுப்புவார்; புது புரூஃப் வரும்; அதே பதினோரு பிழை. மறுபடி திருத்துவார், மறுபடி அதே பதினொன்று. அச்சுக் கோப்பவர் குடித்திருக்கிறார் என்று இவர் சொல்ல, இவருக்குக் கண் போய்விட்டது என்று அவர் சொல்ல, இரண்டு நாள் சண்டை. கடைசியில் பார்த்தால், திருத்திய அச்சு வேறொரு மேசையில் இருந்தது. புரூஃப் எடுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் திருத்தாத பழைய அச்சின்மேல் மை தடவிக்கொண்டிருந்தார். திருத்தம் எல்லாம் தாளில் இருந்தது. அச்சில் ஏறவே இல்லை.

“குடிச்சவன் பண்ற தப்பு ஒவ்வொரு தடவையும் வேற வேறயா இருக்கும்,” என்றார் கமா சார் மெதுவாக. “புத்தி கெட்டவன் பண்றதும் அப்படித்தான். இன்னிக்கு ஆறாவது கோடு, நாளைக்கு எட்டாவது கோடு. நாலு நாளும் குப்பைத்தொட்டியை மூணாவது இடத்துலயே வைக்கிற அளவுக்கு ஒழுங்கா எவனுக்கும் மறக்காது.”

மனைவி தாள்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. “சரிங்க,” என்றாள்.

அந்த ‘சரிங்க’தான் அவரை அடுத்த படிக்குத் தள்ளியது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “நீ உக்காரு. உனக்குத் தோணினதை மாத்து. ஏதாவது ரெண்டு வரி அடிச்சு, திரையிலயே வை. நான் தொடல, பாக்கக்கூட இல்ல. வெளியில நிக்கிறேன். முடிச்சதும் அணைச்சிட்டுக் கூப்பிடு.”

தெருவில் போய் நின்றார். எதிர்வீட்டுக்காரர் வணக்கம் வைத்தார். இவர் பெயர் சொல்லாமல் வணக்கம் மட்டும் திருப்பி வைத்தார். பத்து நிமிடம் ஆனது. உள்ளே பொத்தான்கள் ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு விழுந்துகொண்டிருந்தன. ரெண்டு வரிக்கு எதற்கு இத்தனை நேரம் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் கூப்பிட்டதும் உள்ளே போய், மூன்றடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவளே சுவர் ஸ்விட்சைப் போட்டாள். கணினி இருமி எழுந்தது. கார் வந்தது. அவள் மாற்றியது எதுவும் இல்லை. அவள் எழுதியதும் இல்லை.

திரையின் நடுவில் விரலை வைத்தாள். “இங்கதான் வச்சேன்,” என்றாள்.

“நிஜமாவே வச்சியா?” என்றார். மகளின் குரலை அப்படியே எடுத்துக் கேட்டார். அல்பத்தனம்தான். ஆனால் விடமுடியவில்லை.

“சும்மா இருங்க.” கொஞ்சம் உரசியது. பழைய உப்புத்தாளின் ஓரம்.

“என்ன எழுதின?”

“அதான் போயிடுச்சே. உங்களுக்கு எதுக்கு?”

அவர் அதை விட்டுவிட்டார். “நீ சுவர் ஸ்விட்சையே அணைச்சிட்டியா? எப்பெல்லாம் இப்படி அணைப்ப?”

“இந்த ரூமைத் துடைக்கிற அன்னிக்கு. வயர்ல தண்ணி பட்டா என்ன ஆகறது? நீங்க தூங்க வச்சிருப்பீங்க, நான் ஒரேயடியா அணைச்சிட்டுத் துடைப்பேன்.”

“வெள்ளிக்கிழமை துடைச்சியா?”

“நீங்கதானே மேசைக்கடியில ஒட்டுதுன்னு சொன்னீங்க.”

“ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை?”

“ரெண்டு நாளும் எறும்பு வந்துச்சுன்னு சொன்னீங்க. செவ்வாய்க்கிழமை அந்த ஆள் தூசியைக் கிளப்பிட்டுப் போனான்னு மூணு தடவ.”

கமா சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அறை சுத்தமாக இருந்த நாள்களில் எல்லாம் அவருக்குப் புத்தி பிசகியிருந்தது. அழுக்காகக் கிடந்த நாள்களில் தெளிவாக இருந்திருக்கிறார். உலகத்தின்மேல் அவருக்கு இருந்த அருவருப்பு முதல் தடவையாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தன் வாசலுக்கே வந்து நின்றது.

மருமகனுக்குப் போன் போட்டார். மெஷினைப் பற்றி எதுவும் பேசவில்லை. எழுத்தாளரிடம் பிழையைச் சொல்வதில் ஒரு முறை உண்டு: இது தப்பு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இங்கே என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டால் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

“மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். உங்க சென்டர்ல ஒருத்தன் வந்து உக்காந்து எல்லாத்தையும் கண்டபடி மாத்திட்டுப் போயிடுவானே. அடுத்த ஆளு வர்றதுக்குள்ள எப்படி எல்லாத்தையும் பழையபடி ஆக்குவீங்க?”

“நாம எதுவுமே பண்ண வேணாம் மாமா,” என்று உற்சாகமாக ஆரம்பித்தார் மருமகன். “அதுக்குன்னு ஒரு ப்ரோகிராம் இருக்கு. ஒரு தடவை போட்டுட்டா அப்படியே உறைஞ்சிடும். எவன் என்ன பண்ணாலும் சரி, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போதும், நாம வச்ச மாதிரியே வந்து நிக்கும். ‘டி’ மட்டும்தான் அப்படியே விட்டிருப்போம். பன்னெண்டு மெஷின்லயும் அதைத்தான்...”

சத்தம் நின்றது. கமா சார் காத்திருந்தார்.

“மாமா.”

“சொல்லுங்க.”

“நான் சாயங்காலம் வர்றேன்.”

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான்கு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியதும், அத்தனை நாள் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது. பாஸ்வேர்டு கேட்டது.

“எல்லாத்துக்கும் ஒண்ணேதான் வச்சேன்,” என்று நெற்றியைத் தேய்த்தார் மருமகன். “எங்க கல்யாணத் தேதி.”

அடித்தார். தப்பு என்றது. இன்னொரு தேதி அடித்தார். தப்பு என்றது. மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கமா சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; இப்படிப்பட்ட இடத்தில் வாயைத் திறந்தால் எதைச் சொன்னாலும் அதிகமாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவிக்கு அது தெரியாது.

“பரவாயில்ல மாப்பிள்ளை, மெதுவா யோசிங்க,” என்றாள்.

“பதினேழு,” என்றாள் மகள். “பதினேழாந்தேதி. மாசமாவது தெரியுமா, அதையும் சொல்லணுமா?”

பெட்டி திறந்தது. மருமகன் உறைந்ததைக் கரைத்தார். சாம்பல் நிறம் வைத்து, அணைத்து, போட்டார்கள். சாம்பல் வந்தது. மனைவி தாளைப் படிக்க, கமா சார் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பில் ஒரு டிக் போட்டார். இருபது வரி. இருபதும் சரி.

“மன்னிச்சிடுங்க மாமா. சுத்தமா மறந்தே போச்சு.”

“ம்,” என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. “அந்தப் பெயர்ப் பட்டியல் திரும்ப வருமா?”

“வராது மாமா.”

எழுநூறு பெயர்கள். மறுபடி முதல் பக்கத்திலிருந்து. மகள் கைப்பையைத் திறந்து அந்த உறையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை இரண்டாகக் கிழிக்கப் போனாள்.

“கிழிக்காத,” என்றார் கமா சார். “அச்சடிச்ச தாளைக் கிழிக்கிறது கெட்ட பழக்கம். தப்பை மட்டும் எடுக்கணும். குடு இப்படி.”

“அப்பா, நீங்க இதைப் படிச்சீங்களா?”

“நீட்டிக்கிட்டு இருந்துச்சு.”

தாளை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, சிவப்புப் பென்சிலை எடுத்தார். கணினி வரியை அடித்து, ஓரத்தில் நீக்குக் குறி போட்டார். வேலை வரியை அடித்தார். தவறைப் பொருள்மீது போடுவது என்ற வரியைக் கொஞ்சம் அழுத்தியே அடித்தார். மேலே இருந்த இரண்டு வரிகளில் பென்சில் தயங்கியது. பெயர்களை மாற்றிச் சொல்கிறாரா? எதிர்வீட்டுக்காரரின் பெயர் அவருக்கு இன்று காலையிலும் சட்டென்று வரவில்லை. அதனால்தான் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? அதற்கு இந்த அறையில் இரண்டு சாட்சி உண்டு.

அந்த இரண்டையும் தொடாமல் தாளை மகளிடம் நீட்டினார்.

“இது ரெண்டும் சரியாத்தான் இருக்கு. அறுபத்தெட்டு வயசுல இது கூட இல்லன்னாத்தான் சந்தேகப்படணும். பத்திரமா வை. கூடிச்சுன்னா நானே சொல்றேன், அப்ப போகலாம். நாளைக்கு எனக்கு நேரம் இல்ல. பெயர்ப் பட்டியல் போடணும்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் தன் மேசையில், முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தார். மனைவி வாளியும் துடைப்பானுமாக வந்து நின்றாள்.

“காலைத் தூக்குங்க.”

அவர் கேட்காததுபோல் இருந்தார்.

“காலைத் தூக்குங்கன்னா. காதுல என்ன, பஞ்சா? கதவைத் திறந்து போட்டாச்சு, துண்டு கட்டில்ல கிடக்கு. இங்க ஒருத்தி குனிஞ்சு நிமிரணும், மகாராஜா காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு பேர் எண்ணிக்கிட்டு இருக்காரு. மெஷினை அணைக்கவா, வேணாமா?”

“அணை,” என்றார். “ஒண்ணும் ஆகாது.”

காலைத் தூக்கிக்கொண்டு, அப்படியே வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“தண்ணி ஏன் இப்படிக் கருப்பா இருக்கு? மாத்தினியா இல்லையா?”

“சமையக்கட்டு துடைச்ச தண்ணி. உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்.”

மேலுதடு இடது பக்கம் ஏறியது.